சர்வே எடுக்கக் கிளம்புறதுக்கு முன்னாடி

மேனேஜர் ஆகி மூணு மாசம்கூட ஆகியிருக்காது. மீட்டிங்ல முதலாளி உன் பக்கம் திரும்பி, "அந்த ஏரியாவுல சேல்ஸ் ஏன் படுத்துக்கிச்சு? ஒரு ரிசர்ச் பண்ணிட்டு வாம்மா"ன்னு சொல்லிடுவாரு. நீயும் அன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து 25 கேள்வி டைப் அடிச்சு, கூகுள் ஃபார்ம்ல ஏத்தி, சொந்தக்காரங்க குரூப், காலேஜ் குரூப், அபார்ட்மென்ட் குரூப்னு வாட்ஸ்அப்ல தட்டி விட்டுடுவே. நிறுத்து தங்கச்சி. சர்வேங்கறது கடைசியா கையில எடுக்க வேண்டியது. அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதைப் பார்த்தாலே பல சமயம் பதில் கிடைச்சுடும், சர்வே செலவு மிச்சம்.

எம்.பி.ஏ.வுல இதுக்குன்னு ஒரு பேப்பர் உண்டு. கருதுகோள், மாறிகள், கை ஸ்கொயர்னு தடிப் புத்தகமா படிச்சு, பரீட்சை எழுதி, மறுநாளே மறந்திருப்பே. பரவாயில்லை. நீ ஆராய்ச்சியாளர் ஆகப் போறதில்லை, முடிவு எடுக்கப் போறவ. அதுக்கு வேண்டியதை மட்டும் சொல்றேன்.

பேச வசதியா ஒரு இட்லி மாவு கம்பெனியை எடுத்துக்குவோம். சென்னைப் புறநகர்ல 200 கடைக்கு ஒரு கிலோ பாக்கெட் போடறாங்கன்னு வச்சுக்கோ. ஏப்ரல், மே மாசத்துல விற்பனை குறைஞ்சுது, திரும்பி வர்ற பாக்கெட் கூடுச்சு. முதலாளிக்கு ஒரே சந்தேகம்: மாவோட ருசி மாறிடுச்சு.

கேள்விக்கு முன்னாடி முடிவு

"ருசி பிடிக்கலையான்னு ஜனங்ககிட்ட கேட்டுப் பாரு"ன்னு அவர் சொன்னா, தலையாட்டிட்டு வந்துடாதே. பணிவா ஒண்ணு கேளு: "சார், பிடிக்கலைன்னு வந்தா நாம என்ன செய்வோம்? பிடிச்சிருக்குன்னு வந்தா என்ன செய்வோம்?" ரெண்டுக்கும் ஒரே பதில் வந்தா, அதாவது எப்படியிருந்தாலும் புது கிரைண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சுன்னா, அந்த ஆராய்ச்சியே வேண்டாம். எடுத்து முடிச்ச முடிவுக்கு அவருக்கு ஒரு காகிதம் தேவைப்படுது, அவ்வளவுதான். இது ரொம்ப சகஜம். கோபப்படாம, காசு செலவாகாத வழியில அந்தக் காகிதத்தைக் கொடுத்துட்டு வேற வேலையைப் பாரு.

பதில் வேற வேறயா இருந்தா ஒரு வெள்ளைத் தாள் எடு. என்ன முடிவு எடுக்கணும், என்னென்ன வழி இருக்கு, எந்த எண் எவ்வளவு வந்தா எந்த வழி, எந்தத் தேதிக்குள்ள, எவ்வளவு செலவு வரைக்கும். ஒரு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. கூடவே, ரிப்போர்ட்ல வரப் போற அட்டவணையைக் காலிக் கட்டமா வரைஞ்சு கொண்டுபோய்க் காட்டு. "இந்தக் கட்டத்துல 100 பாக்கெட்டுக்கு 12 ரிட்டர்ன்னு வந்தா என்ன பண்ணலாம் சார்?" காலிக் கட்டத்தைப் பார்த்ததும்தான் பெரியவங்களுக்கு மனசுல இருக்கிற நிஜமான கேள்வி வாய்க்கு வரும். இந்த ஒரு வேலையை ஒழுங்கா செஞ்சா பாதி ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னே வச்சுக்கோ.

கேட்கிற கேள்விக்கும் எடுக்கிற முடிவுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா எவ்வளவு பெரிய கம்பெனியும் விழும். கோகோ கோலா 1985 ஏப்ரல்ல பழைய ருசியை மாத்திப் புதுசைக் கொண்டுவந்துச்சு. அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட 2 லட்சம் பேரைக் குடிச்சுப் பார்க்க வச்சு ருசிச் சோதனை நடந்திருக்கு. புதுசுதான் நல்லா இருக்குன்னு சொன்னவங்க அதிகம். சோதனையில கேட்டது எந்த ருசி நல்லா இருக்குன்னு. எடுத்த முடிவோ, பழசையே கடையிலேர்ந்து தூக்கிடறதுன்னு. ஜனங்க கொதிச்சுப் போயிட்டாங்க, 79 நாள்ல பழைய கோக் திரும்பி வந்துடுச்சு. 2 லட்சம் பேர் சொன்ன பதில் பொய் இல்லை. கேள்விதான் வேற.

வீட்டுக்குள்ளேயே தேடு

அடுத்தது, ஏற்கெனவே இருக்கிற கணக்கு. டேலியில பில் இருக்கு, டெலிவரி வண்டிக்காரர்கிட்ட ரிட்டர்ன் நோட்டு இருக்கு, பாக்கெட் மேல பேட்ச் நம்பர் இருக்கு, கஸ்டமர் கேர் நம்பருக்கு வந்த போன் கால் இருக்கு. இதை எல்லாம் ஒரு எக்செல் ஷீட்ல கொண்டுவா. முதல்ல விற்பனை குறைஞ்சதையும் ரிட்டர்ன் கூடினதையும் தனித்தனியா பிரி. ரெண்டும் ஒரே காரணத்தாலன்னு யார் சொன்னா? மே மாசம் பள்ளிக்கூடம் லீவு, பாதி வீடு சொந்த ஊருக்குப் போயிடும். போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் மே மாசத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் இந்த வருஷக் குறைவு நிஜமான குறைவான்னு தெரியும்.

ரிட்டர்னை மூணு விதமா வெட்டிப் பாரு: தேதி வாரியா, பேட்ச் வாரியா, கடை வாரியா. ஒரே பேட்ச் போன எல்லாக் கடையிலேர்ந்தும் திரும்பி வந்திருந்தா கோளாறு நம்ம ஆலையில. அதே பேட்ச் 150 கடையில ஒழுங்கா வித்து, 50 கடையிலேர்ந்து மட்டும் புளிச்சு வந்திருந்தா, கோளாறு வழியிலயோ கடையிலயோ. ருசி மாறிடுச்சுங்கற சந்தேகம் இங்கேயே முக்கால்வாசி அடிபட்டுப் போகும். இதுவரைக்கும் யாரையும் ஒரு கேள்விகூட கேட்கலைங்கறதைக் கவனி.

வெளியிலயும் இலவசமா நிறைய கிடைக்குது. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 2022-23லயும் 2023-24லயும் குடும்பங்களோட செலவுக் கணக்கை எடுத்து வெளியிட்டிருக்கு. உணவுச் செலவுல பெரிய பங்கு பானங்களுக்கும் பதப்படுத்தின உணவுக்கும்தான் போகுதுன்னு அதுல இருக்கு. மாவு விக்கிறவங்களுக்கு இது சும்மா தகவல் இல்லை. எந்த ஊர்ல எத்தனை வண்டி பதிவாகுதுன்னு வாஹன் தளத்துல பார்க்கலாம். மாவட்டப் புள்ளியியல் கையேடு இருக்கு. மக்கள்தொகைக் கணக்கை மட்டும் பார்த்துப் பயன்படுத்து. முழுசா வெளியான கடைசிக் கணக்கு 2011. நாவலூர்ப் பக்கம் எத்தனை வீடுன்னு அதை வச்சுச் சொன்னா டெலிவரிப் பையன்கூட சிரிப்பான்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு சுரங்கம் சொல்றேன். பங்குச் சந்தைக்கு வர்ற கம்பெனிகள் செபியிடம் வரைவு விவர அறிக்கை தாக்கல் பண்ணணும். அதுல அந்தத் தொழிலைப் பத்தியே தனி அத்தியாயம் இருக்கும். சந்தை எவ்வளவு, போட்டி யாரு, லாப விகிதம் என்னன்னு விலாவாரியா. தனியா வாங்கினா ஆயிரக்கணக்கில் கேட்கிற விஷயம், செபி தளத்துல சும்மா கிடக்கு. பெரும்பாலும் அந்தக் கம்பெனியே காசு கொடுத்து எழுத வச்ச அத்தியாயம்தான். அதனால வளர்ச்சிக் கணிப்பைக் கொஞ்சம் தள்ளுபடி பண்ணிப் படி.

காலையில ஆறு மணிக்குக் கடைக்குப் போ

ரிட்டர்ன் அதிகமா வர்ற கடைகள்ல சிலதையும், சுத்தமா வராத கடைகள்ல சிலதையும் எடுத்துக்கோ. ஷட்டர் தூக்குற நேரத்துக்குப் போய் நில்லு. ஃபார்ம் வேண்டாம், பேனாகூட வேண்டாம். முதல் அரை மணி நேரம் பார்க்கிறதுதான் வேலை.

என்ன பார்க்கக் கிடைக்கும்? ஃப்ரிட்ஜ் இருக்கும், ஆனா அது கூல்டிரிங்ஸ் கம்பெனி கொடுத்தது. வெயில் காலத்துல பாட்டில் நிறைய அடுக்கணும்னு மாவு பாக்கெட்டை வெளியில ஒரு கூடையில வச்சிருப்பாங்க. இன்னொரு கடையில மாவு உள்ளேயே இருக்கும். ஆனா ராத்திரி கடை மூடும்போது கரண்ட் பில்லுக்குப் பயந்து மெயின் சுவிட்சையே அணைச்சுட்டுப் போயிருப்பாரு. காலையில கதவைத் திறந்து பாக்கெட்டைத் தொட்டுப் பாரு. கை சுடாது, ஆனா ஜில்லுன்னும் இருக்காது. பாக்கெட் உப்பி, மூலையில நுரை கட்டியிருக்கும். அந்த மாவை வாங்கிட்டுப் போற அம்மா, சர்வேயில என்ன எழுதுவாங்க? "மாவு புளிக்குது, முன்ன மாதிரி ருசி இல்லை." முதலாளி உடனே, "பார்த்தியா, நான் சொன்னேன்ல"ம்பாரு. புது கிரைண்டர் வந்து இறங்கும். அடுத்த வெயிலுக்கும் மாவு புளிக்கும்.

கடைக்காரர்கிட்ட "ராத்திரி ஃப்ரிட்ஜை அணைப்பீங்களா?"ன்னு நேரா கேட்டா, "சேச்சே"ன்னுதான் சொல்லுவாரு. "அண்ணே, கரண்ட் பில் இந்தத் தடவை எவ்வளவு வந்துச்சு?"ன்னு ஆரம்பி. தானா வந்துடும். ஆனா பேச்சுக் கொடுக்க வியாபார நேரத்துல போய் நிக்காதே. மதியம் ரெண்டரை மணிக்கு, கடையில ஆள் இல்லாத நேரம் உத்தமம்.

வீடுகளுக்குப் போறப்போ அபிப்பிராயம் கேட்காதே, நடந்ததைக் கேளு. "எங்க மாவு எப்படி இருக்கு?"ன்னா, வீடு தேடி வந்த பொண்ணை எதுக்கு நோகடிக்கணும்னு "நல்லாத்தான் இருக்கு"ன்னு காபி கொடுத்து அனுப்புவாங்க. "கடைசியா எப்போ மாவு வாங்கினீங்க? எந்தக் கடை? அன்னைக்கே ஊத்திட்டீங்களா, மிச்சம் வச்சீங்களா?"ன்னு கேட்டா கதை வரும். நிறுத்திட்டவங்க வீட்டுக்குக் கட்டாயம் போ. இன்னும் வாங்கிட்டு இருக்கறவங்களை மட்டும் கேட்டா உனக்குக் கிடைக்கறது பாராட்டுப் பத்திரம். அடுத்தடுத்த வீட்டுல புதுசா ஒண்ணும் வரலைன்னா அத்தோட நிறுத்திக்கலாம். குழுவா உட்கார வச்சுப் பேசுறதா இருந்தா மாமியாரையும் மருமகளையும் ஒரே குழுவுல போடாதே. காரணம் சொல்லணுமா?

கேள்வி எழுதுறது

இதுக்கப்புறமும் எண்ணிக்கை தெரியணும்னா, அதாவது எத்தனை சதவீதம் பேர், எந்த ஏரியாவுல அதிகம்னு தெரியணும்னா, அப்போ சர்வே. வெள்ளைத் தாள்ல எழுதின முடிவுக்கு உதவாத கேள்வி எல்லாத்தையும் வெட்டு. 25 கேள்வி பத்தாகும்.

"விலையும் ருசியும் திருப்தியா இருக்கா?"ன்னு ரெண்டை ஒண்ணா கட்டாதே. விலை பிடிச்சு ருசி பிடிக்காதவங்க எதை டிக் பண்ணுவாங்க? "சுத்தமான முறையில தயாரிக்கிற எங்க மாவு..."ன்னு ஆரம்பிக்கிறது கேள்வி இல்லை, விளம்பரம். வருமானத்தைக் கடைசியில கேளு, தொகையா இல்லாம இத்தனையிலிருந்து இத்தனை வரைக்கும்னு. இங்கிலீஷ்ல எழுதி அப்புறம் தமிழ்ப்படுத்தாதே, முதல்லயே தமிழ்ல யோசி. ‘ஓரளவு திருப்தி’, ‘ஓரளவு அதிருப்தி’ன்னு போன்ல ஒரு பாட்டிகிட்ட அஞ்சு படி வாசிச்சுப் பாரு, "நீ என்னம்மா சொல்ற?"ம்பாங்க. ரென்சிஸ் லிக்கர்ட் 1932ல கொடுத்த அந்த அஞ்சு படி அளவுகோல் நல்ல கருவிதான், காகிதத்துல கண்ணால பார்த்து டிக் பண்றவங்களுக்கு. காதால கேக்கிறவங்களுக்கு முதல்ல "பிடிச்சுதா, பிடிக்கலையா?", அப்புறம் "ரொம்பவா, கொஞ்சமா?"ன்னு ரெண்டு கேள்வியா உடை.

எழுதினதும் பத்துப் பேர்கிட்ட ஒத்திகை பாரு. எந்தக் கேள்வியில முகம் சுளிக்கிறாங்களோ அதை மாத்து.

எத்தனை பேர், யார் யார்

எல்லாரும் முதல்ல கேக்கிறது எத்தனை பேர்னுதான். யார் யாருங்கறதுதான் முக்கியம். 1936 அமெரிக்கத் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை 1 கோடி பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்புச்சு. 20 லட்சத்துக்கு மேல திரும்பி வந்துச்சு. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லேண்டன் ஜெயிப்பாருன்னு போட்டாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46ஐ அள்ளிட்டுப் போனாரு. பெயர்ப் பட்டியல் எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் வச்சிருந்தவங்க பதிவிலிருந்தும். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்துல அது வசதியானவங்க பட்டியல். வந்த சீட்டும், அனுப்பணும்னு அக்கறைப்பட்டவங்களோடது மட்டும். உன் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பும் அதே பட்டியல்தான்.

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்"னு முதலாளி சொல்லுவாரு. சோறு ஒரே உலையில வெந்தது. ஊரு அப்படி வேகலை. அதனால குலுக்கல் முறையில எடு. வீதிப் பட்டியல் வச்சுச் சீட்டுப் போட்டு வீதியைத் தேர்ந்தெடு. அந்த வீதியில ஒரு முனையிலேர்ந்து ஒவ்வொரு ஏழாவது வீடு. நாய் குரைக்குதுன்னு எட்டாவது வீட்டுக்குப் போகக் கூடாது. பூட்டியிருந்தா சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பப் போகணும். வேலைநாள் காலை 11 மணிக்கு மட்டும் கதவைத் தட்டினா, வேலைக்குப் போற பெண்கள் உன் கணக்குல வரவே மாட்டாங்க. ரெடிமேடு மாவை நம்பி இருக்கறவங்களே அவங்கதான்.

இப்படி ஒழுங்கா குலுக்கி எடுத்தா, கிட்டத்தட்ட 400 பேர் போதும், சதவீதம் 5 புள்ளி மேலே கீழே இருக்கும். 3 புள்ளிக்குள்ள வேணும்னா 1,100 பேர் கிட்ட ஆகும். பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு ஆள் வேணும்னு ஞாபகம் வச்சுக்கோ. தாம்பரத்துக்கும் 400, தமிழ்நாட்டுக்கும் 400தான். ஆனா தாம்பரத்தையும் ஆவடியையும் ஒப்பிடணும்னா தனித்தனியா 400.

ஆளை அனுப்பினா, ஃபார்மை டீக்கடையில உட்கார்ந்து அவங்களே நிரப்புற ஆபத்து உண்டு. இதுக்கு மகலனோபிஸ் கிட்ட ஒரு வழி இருக்கு. 1931ல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினவர். வங்காளத்துல சணல் சாகுபடிப் பரப்பைக் கணக்கெடுத்தப்போ, ஒரே பகுதிக்கு ரெண்டு தனித்தனி மாதிரி எடுத்து, ரெண்டு வேற குழுவை அனுப்பினாரு. ஒரு குழுவுக்கு இன்னொரு குழு என்ன எழுதுச்சுன்னு தெரியாது. ரெண்டு விடையும் கிட்டத்தட்ட ஒத்துப் போனா நம்பலாம். எட்டிப் போனா யாரோ தப்பு பண்றாங்க. இதை உன் 400லயும் செய்யலாம். 200, 200ன்னு ரெண்டு பேருக்குப் பிரிச்சுக் கொடு, ஒரே வீதிகள்ல, வேற வேற வீடுகள். கூடுதல் செலவு ஒண்ணும் பெருசா இல்லை. இவ்வளவு சுலபமான வழியை ஏன் நம்ம கம்பெனிகள் பயன்படுத்தறதில்லைன்னு எனக்குப் புரியவே இல்லை.

காரணம் தெரியணும்னா சீட்டுக் குலுக்கு

ஃப்ரிட்ஜ்தான் காரணம்னு உனக்குத் தோணுது. தோணினா போதாது. ரிட்டர்ன் அதிகம் வர்ற 40 கடையை எடு. சீட்டுக் குலுக்கி 20 கடைக்கு ஐஸ் பேக் போட்ட தெர்மோகோல் பெட்டி கொடு. மிச்ச 20 பழையபடியே. நாலு வாரம் ரெண்டு பக்கமும் 100 பாக்கெட்டுக்கு எத்தனை ரிட்டர்ன்னு எண்ணு. பெட்டி யாருக்குன்னு சேல்ஸ்மேனைத் தேர்ந்தெடுக்க விட்டுடாதே. நல்லா பணம் கட்டுற, ஒழுங்கான கடையாப் பார்த்துக் கொடுத்துடுவாரு, அப்புறம் வித்தியாசம் பெட்டியாலயா கடைக்காரராலயான்னு தெரியாது. ரெண்டு பக்கக் கடைக்கும் ஒரே மாதிரி போய் வா. கவனிக்கறாங்கன்னு தெரிஞ்சாலே மனுஷங்க நடந்துக்கிற விதம் மாறும்.

முதலாளி இன்னும் ருசியிலேயே நின்னா, எட்டு இட்லி அவிச்சு வை. நாலு பழைய கிரைண்டர் மாவு, நாலு புதுசு. கலைச்சுக் கொடுத்து, எந்த நாலு பழசுன்னு அவரையே சொல்லச் சொல்லு. குருட்டாம்போக்கில் எட்டும் சரியா வர 70ல ஒரு வாய்ப்புதான். ரொனால்ட் ஃபிஷர்ங்கற புள்ளியியல் மேதை, பாலை முதல்ல ஊத்தினதா, டீயை முதல்ல ஊத்தினதான்னு குடிச்சே சொல்ல முடியும்னு ஒரு பெண்மணி சொன்னதுக்காக யோசிச்ச சோதனை இது. அவரோட 1935 புத்தகத்துல இருக்கு.

ரிப்போர்ட்

ஒரு பக்கம். முதல் வரியில என்ன செய்யணும்னு எழுது. எதை இந்த ஆராய்ச்சி சொல்லலைங்கறதையும் எழுது. பத்துப் பேர்கிட்ட கேட்டுட்டு ‘60 சதவீதம்’னு போடாதே, ‘10ல 6 பேர்’னு போடு. ஃப்ரிட்ஜை அணைக்கிற கடைக்காரர் பேரை எழுதாதே. உன்னை நம்பித்தான் சொன்னாரு. வாங்கின போன் நம்பரை விளம்பரக் கூட்டத்துக்குக் கொடுக்கவும் கூடாது. எதுக்குன்னு சொல்லி ஒப்புதல் வாங்கினோமோ அதுக்கு மட்டும்தான்னு 2023ஆம் வருஷத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்லுது.

இதெல்லாம் செய்ய ஆள் இல்லை, ஏஜென்சியிடம் கொடுக்கப் போறேன்னா, அதுவும் சரி. ஆனா வெள்ளைத் தாளை நீ எழுதிக் கொண்டுபோ, அவங்க எழுத விடாதே. வீடுகளை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க, பூட்டின வீட்டுக்கு எத்தனை தடவை போவீங்க, நிரப்பின ஃபார்ம்ல எத்தனையைத் திரும்பப் போன் பண்ணிச் சரிபார்ப்பீங்கன்னு கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. வண்ணப் படம் போட்ட ஸ்லைடோட சேர்த்து, ஒவ்வொருத்தரும் சொன்ன பதில் அடங்கின மூல ஷீட்டையும், பேரும் போன் நம்பரும் எடுத்துட்டு, கொடுக்கணும்னு ஒப்பந்தத்திலேயே போடு. அப்படியும் தர மாட்டோம்னு சொன்னா வேற ஏஜென்சியைப் பாரு.